வட்டம் வரைந்த அறிஞர் ஜான் வென்

பெயர் நிலைத்து, அப்பெயருக்குரிய மனிதர் மறக்கப்படுவது புகழின் விந்தைகளுள் ஒன்று. பள்ளியில் கணிதம் பயின்றோருள் வென்படம் வரையாதவர் அரியர். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு வட்டங்கள், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் சாய்கோடுகள், அருகே வெட்டுக் கணம் என்றொரு குறிப்பு: இவ்வளவே நம் நினைவில் நிற்பது. வென் என்பது ஒருவருடைய பெயர் என்பதைப் பலர் அறியார். சில நூல்களில் அச்சொல் டண்ணகரம் பெற்று வெண்படம் என்று அச்சாகியிருப்பதால், வெள்ளைத் தாளில் வரைவதால் வந்த பெயர் போலும் என்று எண்ணிய மாணவரும் உண்டு. எழுத்து மாறியதால் பிறந்த அப்பொருள்கூட ஒருவகையில் பொருத்தமானதே என்பதைப் பின்னர்க் காண்போம்.

இலக்கிய மலரில் அளவையியல் அறிஞர் ஒருவருக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வட்டம் என்னும் பெயரைத் தாங்கிப் பத்தாண்டுகள் நடந்து வந்த அமைப்பு நம்முடையது. மாந்தரை வட்டத்துக்குள் வைத்துப் பார்ப்பது எத்துணைப் பயனுடையது, எங்கே அது போதாமற் போகிறது என்பதை வாழ்நாள் முழுவதும் எண்ணிப் பார்த்தவர் ஜான் வென். அவர் வரலாறு நமக்கு அயலானதன்று.

குடிப்பிறப்பு

ஜான் வென் 1834ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள ஹல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் ஹென்றி வென், தாயார் மார்த்தா சைக்ஸ். தாயை மிக இளமையிலேயே இழந்தார். சமயக் கட்டுப்பாடு மிகுந்த இல்லத்தில் தந்தையின் கண்காணிப்பில் வளர்ந்தார்.

வென் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் திருச்சபைக் குருமாராக விளங்கியவர்கள். ஜான் வென் என்றே பெயர் பெற்றிருந்த பாட்டனார், இலண்டனை அடுத்த கிளாப்பம் என்னும் ஊரில் பங்குக்குருவாக இருந்தார். அவ்வூரைச் சூழ வாழ்ந்த நல்லோர் குழுவொன்று, வில்லியம் வில்பர்ஃபோர்சு போன்றோரைத் தன்னகத்தே கொண்டு, அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்டது. 1807இல் பிரித்தானியப் பேரரசில் அவ்வாணிகம் சட்டத்தால் தடை செய்யப்பட்டதில் அக்குழுவினர்க்குப் பெரும்பங்கு உண்டு.

1799இல் சர்ச் மிஷனரி சங்கம் தோன்றியபோது அதனைத் தோற்றுவித்தோருள் பாட்டனாரும் ஒருவர். சி.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தால் தமிழ் மக்கள் அறிந்த சங்கம் அதுவே. 1818இல் யாழ்ப்பாணத்திலும், 1820இல் இரேனியசு ஐயர் வழியாகப் பாளையங்கோட்டையிலும் பணி தொடங்கியது அச்சங்கந்தான். ஜானின் தந்தையார் 1841 முதல் 1872 வரை அதன் செயலராக இருந்தார். அந்தந்த நாட்டுத் திருச்சபை தன் பொருளால் தன்னைத் தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தன் முயற்சியால் பரவ வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. ஆகவே திருநெல்வேலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புறப்பட்ட பணிச் செய்திகள் சென்று சேர்ந்த அலுவலகத்தின் தலைவருக்கு மகனாய் வளர்ந்தவர் நம் அறிஞர்.

இலக்கிய அன்பர்க்கு மற்றோர் உறவும் சுவை தரும். ஜானின் அத்தை ஜேன் வென்னின் மகன் லெஸ்லி ஸ்டீபன், ஆங்கிலேயப் பெருமக்களின் வாழ்க்கை வரலாற்று அகராதியைத் தொடங்கி நடத்திய முதற் பதிப்பாசிரியர். அவருடைய மகளே புதின உலகில் புகழ்பெற்ற வர்ஜீனியா வுல்ஃப்.

கல்வியும் குருத்துவமும்

1853இல் வென் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் அண்டு கீஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1857இல் நடந்த கணிதத் தேர்வில் முதல் வகுப்பினருள் ஆறாமவராகத் தேறினார். அவ்வாண்டே கல்லூரியின் ஆய்வுறுப்பினராக அமர்த்தப்பட்டார். அந்த இடத்தை 1923இல் இறக்கும் வரை அவர் விட்டகலவில்லை. ஒரே கல்லூரியோடு அறுபத்தாறு ஆண்டுகள் உறுப்பினராய்ப் பிணைந்திருந்தார்.

குடும்ப வழக்கப்படி 1858இல் திருத்தொண்டராகவும் 1859இல் குருவாகவும் திருநிலைப்பாடு பெற்றார். செசண்ட், மார்ட்லேக் ஆகிய ஊர்களில் துணைக்குருவாகப் பணியாற்றினார். அக்காலத்தே அவர் கையில் வேறு நூல்களும் இருந்தன. ஜார்ஜ் பூல், ஜான் ஸ்டூவர்ட் மில், அகஸ்டஸ் டி மார்கன் ஆகியோரை அவர் ஊன்றிப் படித்தார். இவருள் டி மார்கன் 1806இல் நம் மதுரையில் பிறந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கணங்களின் சேர்ப்பையும் வெட்டையும் நிரப்பியையும் இணைக்கும் இரண்டு விதிகள் இன்றும் டி மார்கன் பெயராலேயே பாடநூல்களில் வழங்குகின்றன.

1862இல் வென் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி ஒழுக்கவியல் பாடத்துறையில் விரிவுரையாளரானார். அளவையியலும் நிகழ்தகவுமே அவர் கற்பித்த பொருள்கள். 1860களின் பிற்பகுதியில் சூசன்னா கார்னகி எட்மன்ஸ்டன் என்பவரை மணந்தார்.

தற்செயலின் அளவை

1866இல் வெளிவந்த அவருடைய முதல் பெருநூல் தற்செயலின் அளவையைப் பற்றியது. நிகழ்தகவு என்பது என்ன என்னும் வினாவுக்கு அது விடை தேடியது. ஒரு செய்தியை நாம் எவ்வளவு நம்புகிறோம் என்பதன் அளவே நிகழ்தகவு என்று பலர் கருதிய காலம் அது. வென் அதனை மறுத்தார். நிகழ்தகவு மனத்தின் உறுதியைப் பொறுத்ததன்று, நெடிய தொடரில் ஒரு நிகழ்வு எத்தனை முறை நேர்கிறது என்னும் விகிதத்தையே பொறுத்தது என்றார். ஒரு நாணயத்தை ஒருமுறை சுண்டினால் தலையா பூவா என்று எவரும் உரைக்க இயலாது. பல்லாயிரம் முறை சுண்டினால் ஒரு விகிதம் மெல்ல மெல்ல நிலைபெறுகிறது. தனித்தனியே ஒழுங்கின்மை, தொகுப்பில் ஒழுங்கு: இதுவே அந்நூலின் மையக் கருத்து.

ஆயின் தம் கொள்கையின் இடர்ப்பாட்டையும் அவரே வெளிப்படையாக எடுத்துரைத்தார். ஐம்பது வயதான ஒருவர் இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார் என்று ஆயுள் காப்பீட்டாளர் கணக்கிட விரும்புகிறார். ஐம்பது வயதினர் அனைவரும் அடங்கிய தொகுதியைக் கொண்டு ஒரு விடை கிடைக்கும். அவர் காசநோயாளி என்றால் அந்நோயாளர் தொகுதி வேறொரு விடை தரும். நற்காற்று வீசும் தீவொன்றில் வாழ்பவர் என்றால் மூன்றாவது விடை பிறக்கும். எதனை ஏற்பது? மூன்று தொகுதிகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் செல்லலாம் என்றால், அங்கே எண்ணிக்கை சுருங்கிவிடும். பண்புகளைச் சேர்த்துக்கொண்டே போனால் இறுதியில் அவர் ஒருவர் மட்டுமே எஞ்சுவார். ஒருவரைக் கொண்டு விகிதம் காண்பது எங்ஙனம்? ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிலாப் பண்புகள் இருத்தலால், ஒவ்வொன்றும் எண்ணிலாத் தொகுதிகளில் ஒரே நேரத்தில் இடம்பெறுகிறது என்பதை வென் தெளிவாகக் கண்டார். நிகழ்தகவை ஆராய்வோர்க்கு இச்சிக்கல் இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

அந்நூலின் 1888ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் விந்தையான வரைபடம் ஒன்று உண்டு. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பையின் தசம இலக்கங்களை வில்லியம் ஷாங்க்ஸ் என்பவர் 1873இல் 707 இடம் வரை கணித்து வெளியிட்டிருந்தார். வென் அவற்றுள் 8, 9 ஆகியவற்றை நீக்கி, 0 முதல் 7 வரையுள்ள எட்டு இலக்கங்களை எட்டுத் திசைகளாகக் கொண்டார். இலக்கம் காட்டும் திசையில் ஒவ்வோர் அடியாகக் கோடிழுத்துச் சென்றார். இலக்கின்றித் திரிபவனின் காலடித் தடம் போன்றதோர் உருவம் தோன்றியது. தற்போக்கு நடை என்று பிற்காலத்தார் பெயரிட்ட கருத்துக்கு வரையப்பட்ட முதற்படங்களுள் ஒன்றாக அதனைக் கருதுவர். ஷாங்க்சின் கணக்கு 528ஆம் இலக்கத்திலிருந்து பிழையானது என்பது 1940களில் தெரியவந்தது. ஒழுங்கின்மையைக் காட்ட எழுந்த படத்துக்கு அப்பிழையால் ஊறு நேரவில்லை.

வட்டங்கள்

1880ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓர் அறிவியல் இதழில் வென் எழுதிய கட்டுரை, கூற்றுகளையும் அனுமானங்களையும் படத்தாலும் பொறியாலும் காட்டுவது பற்றியது. மறு ஆண்டில் அக்கருத்துகளை விரித்துக் குறியீட்டு அளவையியல் என்னும் நூலை வெளியிட்டார். அவர் பெயரை நிலைநிறுத்தியவை இவை.

வட்டம் வரைந்து அளவையைக் காட்டியவர்களுள் வென் முதல்வர் அல்லர். லைப்னிட்ஸ் தம் கைப்படிகளில் வரைந்திருந்தார். லியோனார்டு ஆய்லர் 1760களில் செருமானிய இளவரசி ஒருவருக்கு எழுதிய மடல்களில் வட்டங்களால் அளவையைக் கற்பித்தார். வென் தம் முன்னோடியை மறைக்கவில்லை. இத்தகைய படங்களை ஆய்லரின் வட்டங்கள் என்றே வழங்கினார். வென் பெயரால் அவற்றை வழங்கும் முறை, அமெரிக்க அறிஞர் சி. ஐ. லூயிஸ் 1918இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே பரவியது.

அங்ஙனமாயின் வென் செய்த புதுமை யாது? ஆய்லர் முறையில் ஒரு வட்டத்தை மற்றொன்றின் உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா, வெட்டுமாறு வைப்பதா என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். அதாவது முடிவு தெரிந்த பின்னரே படம் வரைய இயலும். வென் இதனைத் தலைகீழாக்கினார். முதலில், எதையும் அறியாதவராய், எல்லா வாய்ப்புகளுக்கும் இடம் அளிக்கும் அறைகளை வரைய வேண்டும். பின்னர், தரப்பட்ட கூற்றுகள் எந்தெந்த அறைகளை வெறுமையாக்குகின்றனவோ அவற்றை மட்டும் நிழலிட்டு நீக்க வேண்டும்.

முத்தமிழைக் கொண்டே இதனை விளக்கலாம். இயல் வல்லார்க்கு ஒரு வட்டம், இசை வல்லார்க்கு ஒரு வட்டம், நாடகம் வல்லார்க்கு ஒரு வட்டம் வரைவோம். மூன்றும் ஒன்றையொன்று வெட்டுமாறு அமைத்தால் எட்டு அறைகள் கிடைக்கும். ஒன்றில் மட்டும் வல்லார்க்கு மூன்று அறைகள். ஏதேனும் இரண்டில் மட்டும் வல்லார்க்கு மூன்று அறைகள். முத்தமிழும் வல்லார்க்கு நடுவே ஓர் அறை. எதிலும் வல்லரல்லாதார்க்கு வட்டங்களுக்குப் புறத்தே ஓர் இடம்.

இனி, இசை வல்லார் எல்லாரும் இயல் வல்லார் என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அவ்வாறாயின் இயல் வட்டத்துக்கு வெளியேயுள்ள இசைப் பகுதியின் இரண்டு அறைகளில் எவரும் இரார். அவற்றை நிழலிடுவோம். இயல் வல்லார் எவரும் நாடகம் வல்லார் அல்லர் என்பது அடுத்த கூற்று. இயலும் நாடகமும் வெட்டும் இரண்டு அறைகளை, நடு அறை உட்பட, நிழலிடுவோம். இப்பொழுது இசையும் நாடகமும் வெட்டும் பகுதியை நோக்குக. அங்கிருந்த இரண்டு அறைகளும் நிழலில் மறைந்துவிட்டன. ஆகவே இசை வல்லார் எவரும் நாடகம் வல்லார் அல்லர் என்னும் முடிவை நாம் தேடிச் செல்லாமலே படம் காட்டிவிடுகிறது. அக்கூற்றுகள் உண்மையா என்பது வேறு வினா. அவை உண்மையானால் எது பின்தொடரும் என்பதை மட்டுமே அளவை உரைக்கும்.

இன்றைய பாடநூல்களில் பொதுப் பகுதியைச் சுட்டிக்காட்டவே நிழலிடுகின்றனர். வென் வகுத்த முறையிலோ நிழல் வெறுமையின் குறி. நிழல்படாத வெண்மை, அங்கே எவரேனும் இருக்கலாம் என்பதற்கு அடையாளம். இருக்கிறார் என்று அது உறுதி கூறவில்லை, இல்லை என்று இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். வெண்படம் என்ற திரிந்த எழுத்தும் பொருத்தமுடையதே என்று தொடக்கத்தில் கூறியதன் காரணம் இதுதான்.

நான்காவது தொகுதி வந்தால் வட்டம் உதவாது. நான்கு தொகுதிகளுக்குப் பதினாறு அறைகள் வேண்டும். ஒரு வட்டம் இன்னொரு வட்டத்தை இரண்டு இடங்களுக்கு மேல் வெட்டாது. ஆகவே நான்காம் வட்டம் முன்னுள்ள மூன்றையும் மிகுதியாக ஆறு இடங்களில் வெட்டி, ஆறு அறைகளை மட்டுமே பிளக்கும். எட்டும் ஆறும் பதினான்கு. இரண்டு அறைகள் குறைகின்றன. அதனால் வென் நான்கு நீள்வட்டங்களைச் சாய்த்து அமைத்துப் பதினாறு அறைகளையும் பெற்றார். ஐந்தாம் தொகுதிக்கு நடுவில் துளையுள்ள வளையம் போன்ற உருவத்தைச் சேர்த்தார். எத்தனை தொகுதிகளாயினும் வரையலாம் என்பதற்குச் சீப்பின் பற்களைப் போல் வளைந்து செல்லும் கோட்டைப் பயன்படுத்தும் வழியையும் காட்டினார்.

நான்கு நீள்வட்டப் படத்தை மரத்துண்டுகளால் அமைத்து, நீக்க வேண்டிய அறையை ஊசியை இழுத்துக் கீழே விழச்செய்யும் சிறு பொறி ஒன்றையும் அவர் வடிவமைத்தார். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் உருவாக்கிய அளவைப் பியானோ அக்காலத்தில் பேசப்பட்ட ஒன்று. வென்னோ, பொறிகள் அளவையியலுக்குப் பெரும் பயன் தருமென்று கருதவில்லை. தாம் செய்ததையும் அவர் மிகைப்படுத்தவில்லை.

1883

இவ்வாண்டு வென் வாழ்வில் மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டது. அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. ஒரே மகன் ஜான் ஆர்ச்சிபால்டு பிறந்தான். மூன்றாவது, அவர் குருத்துவத்தைத் துறந்தார்.

1869இல் கேம்பிரிட்ஜில் அறக்கட்டளைச் சொற்பொழிவாளராக அறிவியல் நம்பிக்கை, சமய நம்பிக்கை ஆகியவற்றின் இயல்புகளை ஆராய்ந்து பேசியவர் அவர். அந்நூல் 1870இல் வெளிவந்தது. அதே 1870இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்று, குருமார் விரும்பினால் அந்நிலையிலிருந்து முறைப்படி விலக வழி திறந்தது. அவர் நண்பர் வட்டத்தைச் சேர்ந்த ஹென்றி சிட்ஜ்விக் 1869இல் திருச்சபைக் கொள்கை விதிகளை மனமார ஏற்க இயலாமையால் தம் கல்லூரிப் பதவியைத் துறந்திருந்தார். அத்தை மகன் லெஸ்லி ஸ்டீபனும் 1875இல் குருத்துவத்தை விட்டு விலகினார். தந்தையார் ஹென்றி வென் 1873இல் காலமானார். அதன் பின்னும் பத்தாண்டு கழித்தே ஜான் வென் முடிவெடுத்தார்.

அவர் விலகியது சமயப்பற்றை உதறியதனால் அன்று. திருச்சபையின் கொள்கை விதிகளுக்கும் தம் சிந்தனைக்கும் இடையே ஏற்பட்ட இடைவெளியை மறைத்துக்கொண்டு பதவியில் இருப்பது நேர்மையன்று என்று கருதினார். இறுதிவரை சமய நம்பிக்கையுடையவராகவே வாழ்ந்தார். குருவா நம்பிக்கையற்றவரா என்ற இரண்டே அறைகளில் மாந்தரைப் பிரித்த அக்காலத்தில், அவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் இடம் ஒன்று உண்டு என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். பூசலும் வெறுப்புரையும் இன்றி அதைச் செய்தார் என்பதே அதன் சிறப்பு. கல்லூரியின் மதிப்பும் அன்பும் அவருக்குச் சிறிதும் குறையவில்லை.

ஒரு நிழல்

பெரியோர் வரலாறு எழுதுங்கால் குறையை மறைப்பது அவர்க்குச் செய்யும் பெருமையன்று. 1880களின் இறுதியில் பிரான்சிஸ் கால்டன் என்பவரின் தூண்டுதலால் கேம்பிரிட்ஜ் மாணவரின் உடலுறுப்புகளை அளக்கும் பணி நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரின் அளவுகளை வென் தொகுத்தார். தேர்வுத் திறத்தால் அவர்களை மூன்று வகுப்பாகப் பிரித்து, தலையின் அளவோடு அறிவுத்திறத்தை ஒப்பிட்டு எழுதினார். மக்களைப் பிறப்பால் தரம் பிரிக்க முனைந்த கால்டனின் இனமேம்பாட்டுக் கொள்கை பிற்காலத்தில் உலகுக்கு விளைத்த தீங்கு பெரிது. தலையை அளந்து அறிவை மதிக்கும் முறையையும் அறிவியல் கைவிட்டுவிட்டது.

ஒருவர் எண்ணிலாத் தொகுதிகளில் ஒரே நேரத்தில் அடங்குவார் என்று 1866இலேயே எழுதியவர், மாணவரை மூன்றே தொகுதிகளில் அடக்கி அவற்றின் தலையளவைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார் என்பது வருந்தத்தக்கது. வட்டம் வரையும் கை எவருடையதாயினும், அக்கை தவறக்கூடும். தொகுதியாக்கலின் தீமையை இந்நிகழ்ச்சி ஒன்றே நமக்கு எடுத்துக்காட்டும்.

பெயர்களின் தொண்டர்

1889இல் அனுபவ அளவை பற்றிய பெருநூலை வெளியிட்டபின் வென்னின் நாட்டம் வேறு திசையில் திரும்பியது. அதற்கு முன்னரே, 1888இல், வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அளவையியல் நூல்களைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடையாக அளித்துவிட்டார். அதுவே ஒரு துறையிலிருந்து விடைபெறுவது போலிருந்தது.

பின்னர் அவர் மேற்கொண்டது வரலாற்றுப் பணி. தம் கல்லூரியில் பயின்றோர் ஒவ்வொருவரின் பெயர், ஊர், பெற்றோர், பிற்கால வாழ்வு ஆகியவற்றைப் பழம் பதிவேடுகளிலிருந்து தேடித் தொகுத்தார். 1897 முதல் அந்நூல் தொகுதிகளாக வெளிவந்தது. 1904இல் தம் குடும்ப வரலாற்றை எழுதினார். அதன்பின் பல்கலைக்கழகம் முழுமைக்குமே அத்தகைய தொகுப்பைச் செய்ய மகனுடன் சேர்ந்து முனைந்தார். தொடக்க காலம் முதல் 1900 வரை கேம்பிரிட்ஜில் பயின்றோர் அனைவரின் வாழ்க்கைக் குறிப்பு அது. பெரும்புகழ் பெற்றோர்க்கும், பெயரும் ஊரும் தவிர வேறெதுவும் எஞ்சாதார்க்கும் அதில் ஒருங்கே இடம் உண்டு. முதல் தொகுதி 1922இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி மகனின் உழைப்பால் 1954இல் நிறைவுற்றது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றுள்ளனர்.

கணங்களைப் படமாக்கியவர், தம் முதுமையில் கணத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணத் தலைப்பட்டார். கேம்பிரிட்ஜ் மாணவர் என்னும் ஒரு வட்டத்தை வரைந்துவிடுதல் ஒரு நொடி வேலை. அதனுள் யார் யார் இருந்தனர், எங்கிருந்து வந்தனர், எங்குச் சென்றனர் என்று தேட இரண்டு தலைமுறை வேண்டியிருந்தது. விகிதத்துக்கு உதவாதவன் என்று நிகழ்தகவு ஒதுக்கிவிடும் அந்தத் தனியொருவனுக்கு, வரலாறு ஒரு வரியேனும் இடம் தர வேண்டும் என்று அவர் விரும்பினார் போலும்.

இத்தகைய பணியில் ஆழ்ந்தவர் சிடுமூஞ்சியாய் இருந்திருப்பார் என்று எண்ண வேண்டா. மலையேறுவதிலும் செடிகொடிகளை அறிவதிலும் அவருக்கு இன்பம் மிகுதி. தச்சு வேலையிலும் பொறி அமைப்பதிலும் கைதேர்ந்தவர். மரத்தால் அவர் செய்த கிரிக்கெட் பந்துவீச்சுப் பொறி பெரும் வியப்பை விளைத்தது. 1909இல் ஆஸ்திரேலிய அணியினர் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது, அப்பொறி அவர்களுடைய முன்னணி மட்டையாளர் ஒருவரை நான்கு முறை ஆட்டமிழக்கச் செய்தது. அப்பொழுது வென்னுக்கு எழுபத்தைந்தாம் வயது. அளவைப் பொறியை நம்பாதவர் பந்துப் பொறியால் புகழ்பெற்றது இனிய முரண்.

1903 முதல் கல்லூரியின் தலைமைப் பொறுப்புகளுள் ஒன்றை வகித்துவந்த வென், 1923ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் கேம்பிரிட்ஜில் காலமானார். அருகிலுள்ள டிரம்பிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லூரியின் உணவுக் கூடத்துச் சன்னல் ஒன்றில் மூன்று வட்டங்கள் வண்ணக் கண்ணாடியில் ஒளிர்கின்றன.

பின்னோர் கண்ட வளர்ச்சி

வென் விட்ட இடத்திலிருந்து பலர் தொடர்ந்தனர். அதே கல்லூரியைச் சேர்ந்த ஏ. டபிள்யூ. எஃப். எட்வர்ட்ஸ், தொகுதிகளின் எண்ணிக்கை எத்துணைப் பெருகினாலும் பற்சக்கரம் போன்ற வளைகோடுகளைக் கோளத்தின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து அழகிய படம் பெறலாம் என்று 1989இல் காட்டினார். எந்தப் பக்கம் சுழற்றினாலும் ஒரே தோற்றம் தரும் சமச்சீர்ப் படங்கள், தொகுதிகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டுமே இயலும் என்று முன்னரே அறிந்திருந்தனர். எல்லாப் பகா எண்களுக்கும் அவை உண்டு என்பது 2004இல் மெய்ப்பிக்கப்பட்டது.

மற்றொரு வளர்ச்சி, புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட கோட்டுருவியலில் நிகழ்ந்தது. முத்தமிழ்ப் படத்தின் எட்டு அறைகளிலும் ஒவ்வொரு புள்ளி வைத்து, ஒரு வில்லைத் தாண்டினால் சென்றடையும் அண்டை அறைகளின் புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பாருங்கள். எட்டு முனைகளும் பன்னிரண்டு விளிம்புகளும் உடைய ஒரு கனசதுரத்தின் எலும்புக்கூடு தோன்றும். தட்டையான தாளில் வரைந்த மூன்று வட்டங்களுக்குள் முப்பரிமாண உருவம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

இன்னும் ஒருபடி மேலே சென்றனர் பிற்காலத்தார். அறைகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு கணத்தையுமே ஒரு புள்ளியாக்கினர். இரு கணங்களுக்குப் பொது உறுப்பு ஒன்றேனும் இருப்பின் அப்புள்ளிகளைக் கோட்டால் இணைத்தனர். இதற்கு வெட்டுக் கோட்டுரு என்று பெயர் சூட்டலாம். எந்தக் கோட்டுருவை எடுத்துக்கொண்டாலும் அதற்கேற்ற கணங்களைக் கண்டுபிடிக்க இயலும் என்று போலந்து அறிஞர் எட்வர்டு மார்ச்செவ்ஸ்கி 1945இல் காட்டினார். ஒவ்வொரு புள்ளிக்கும், அதனைத் தொடும் கோடுகளின் கணத்தைக் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். இரு புள்ளிகளை இணைக்கும் கோடு அவ்விரண்டுக்கும் பொது உறுப்பாகிவிடுகிறது. அத்தகைய கணங்களை அமைக்க எத்தனை உறுப்புகள் போதும் என்பதற்கு எல்லை வகுத்தவர்கள் பால் ஏர்டிஷ், குட்மன், போஷா ஆகிய மூவர். ஆண்டு 1966. புள்ளிகளின் எண்ணிக்கையை வர்க்கப்படுத்தி நான்கால் வகுத்தால் கிடைக்கும் முழு எண்ணே அவ்வெல்லை.

இதன் உட்பொருள் கணிதத்துக்கு அப்பாலும் செல்லும். உறவு என்று எதை வரைந்தாலும் அதனடியில் ஏதோ ஒன்று பொதுவாய் இருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. இருவரை இணைக்கும் கோடு, இருவரிடத்தும் உள்ள ஒரு பொருளே.

நிறைவு

ஜான் வென் தம் பெயரை வட்டங்களுக்குக் கொடுத்தார், ஆயின் தாம் ஒரு வட்டத்தில் அடங்கவில்லை. குருமார் குடியில் பிறந்து குருத்துவம் துறந்தவர், துறந்தபின்னும் நம்பிக்கை துறவாதவர். அளவையியலார், வரலாற்றாசிரியர், தச்சர், மலையேறி. மாந்தரை அளந்து வகுத்ததில் தவறியவர், மாந்தரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பதிந்ததில் உயர்ந்தவர். இத்தனை வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் சிறிய இடத்தில் நிற்பவர் அவர் ஒருவரே.

சாதி, சமயம், கட்சி, ஊர் என்று நாமும் நாள்தோறும் வட்டங்கள் வரைகிறோம். வரையாமல் வாழ்தல் அரிது. ஆயினும் வரையுமுன் எல்லா அறைகளுக்கும் இடம் விட்டிருக்கிறோமா, மெய்ப்பிக்கும் முன்னரே நிழலிட்டு எவரையேனும் இல்லாதவராக்கி விட்டோமா என்று கேட்டுக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. இயல் விரும்புவோரும் இசை விரும்புவோரும் நாடகம் விரும்புவோரும், இவை மூன்றையும் இனிமேல்தான் அறியப்போவோரும் கூடும் அமைப்பாக நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் வளர்ந்துள்ளது. வட்டத்துக்குப் புறத்தே உள்ள எட்டாம் இடத்தையும் படத்தின் பகுதியாகவே எண்ணி வரைந்தவர் வென். வரும் ஆண்டுகளில் நாமும் அவ்விடத்தை மறவாதிருப்போமாக.